லினக்ஸ் நிறுவத் தெரியாதவர்களின் வரலாறு

கணினி வரலாறு என்று எதைத் திறந்தாலும் அதைச் செய்தவர்களின் பெயர்கள்தான் வரும். யார் எழுதினார், எந்த ஆண்டு வெளியிட்டார், எத்தனை வரி நிரல் என்று. அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அந்த நிரலைக் குறுந்தகட்டில் வாங்கி வந்து, வீட்டுக் கணினியில் போட்டு, திரை கறுப்பாக நின்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. முகம் தெரியாத ஆளிடம் "என் கணினியில் லினக்ஸ் ஏறவில்லை, உதவுங்கள்" என்று கேட்பதும், கேட்ட கேள்விக்குக் காசு வாங்காமல் பதில் வருவதும் எப்படித் தொடங்கின, நம்ம ஊர்ப் பக்கம் எப்படி வந்து சேர்ந்தன, இப்போது என்ன ஆகின்றன என்று பார்க்கலாம். கணினி படிக்காதவர்களும் படிக்கலாம், பயப்பட வேண்டாம் :-)

முதல் கேள்வியைக் கேட்டவர்

லினக்ஸ் கதையை எல்லோரும் 1991 ஆகஸ்ட் 25ஆம் தேதியில் தொடங்குவார்கள். ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், அப்போது அவருக்கு வயது 21, தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக யூஸ்நெட்டில் அறிவித்த நாள் அது. யூஸ்நெட் என்பது வலைத்தளங்கள் வருவதற்கு முன்பிருந்த பொது விவாதப் பலகை. தலைப்புவாரியாகச் செய்திக்குழுக்கள் இருக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், படிக்கலாம். டோர்வால்ட்ஸ் எழுதியது மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரின் குழுவில்.

அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்பே, ஜூலை 3ஆம் தேதி, அதே குழுவில் அவர் இன்னொரு மடல் எழுதியிருக்கிறார். அது அறிவிப்பு இல்லை, உதவி கேட்கும் மடல். யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் போசிக்ஸ் விதிமுறைகளின் கணினிப் படி எங்கே கிடைக்கும், யாராவது சொல்லுங்களேன் என்று கேட்டிருந்தார். ஆகஸ்ட் 25ஆம் தேதி மடலிலும் பாதி கேள்விதான். மினிக்ஸில் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று மற்றவர்களிடம் கேட்டிருந்தார்.

கேட்டதற்குப் பலன் இருந்தது. அந்த மடல்கள் வழியே தெரிய வந்த ஆரி லெம்கே என்பவர், ஃபின்லாந்துப் பல்கலைக்கழகங்களின் கோப்புக் களஞ்சியத்தில் இடம் கொடுத்தார். டோர்வால்ட்ஸ் வைக்க நினைத்த பெயர் 'ஃப்ரீக்ஸ்'. லெம்கேக்கு அது பிடிக்கவில்லை, அடைவுக்கு 'லினக்ஸ்' என்று தானாகவே பெயர் வைத்துவிட்டார். செப்டம்பரில் 0.01 பதிப்பு அங்கே ஏறியது. ஆக, இன்று உலகம் முழுக்கச் சேவையகங்களிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் ஓடும் அந்தப் பெயரே, உதவி செய்ய வந்த ஒருவர் கொடுத்ததுதான்.

கறுப்புத் திரையில் இரண்டு எழுத்து

1993 ஜூலையில் ஸ்லாக்வேர் வந்தது, அதே ஆண்டு டெபியன் தொடங்கப்பட்டது. இவற்றுக்கு 'வழங்கல்' என்று பெயர். கெர்னலோடு மற்ற மென்பொருட்களையும் சேர்த்து, நிறுவும் வசதியோடு கட்டிக் கொடுப்பது. 'வசதி' என்று சொன்னாலும் ஃப்ளாப்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் போட்டு எடுக்க வேண்டும். ஒரு ஃப்ளாப்பியின் கொள்ளளவு 1.44 எம்.பி. நடுவில் ஒன்று கெட்டுப்போயிருந்தால் அன்றைய பொழுது போச்சு.

எல்லாம் ஏறி முடிந்து, கணினியை மறுபடி இயக்கினால் திரையில் 'எல்', 'ஐ' என்ற இரண்டு ஆங்கில எழுத்து மட்டும் தெரியும். அவ்வளவுதான். விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் அசைவில்லை. வீட்டில் ஒரே கணினி, அதில் அப்பாவின் கணக்கு வழக்கெல்லாம் இருந்தால் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும்.

உண்மையில் அந்த எழுத்துகளுக்குப் பொருள் உண்டு. அக்காலத்தில் லினக்ஸைத் தொடக்கிவைக்கும் சிறு நிரலின் பெயர் லிலோ. ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. தன் வேலையில் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் தன் பெயரில் ஓர் எழுத்தைத் திரையில் இடும். முதல் எழுத்தோடு நின்றால், முதல் பகுதி ஓடியது, ஆனால் இரண்டாம் பகுதியை வன்தட்டிலிருந்து எடுக்க முடியவில்லை. இரண்டு எழுத்தோடு நின்றால், இரண்டாம் பகுதியை எடுத்துவிட்டது, ஆனால் ஓட்ட முடியவில்லை. மூன்றோடு நின்றால், கெர்னல் இருக்கும் இடத்தைச் சொல்லும் அட்டவணை கிடைக்கவில்லை. நான்கும் வந்தால் பிழைத்தோம்.

காரணம் பெரும்பாலும் பழைய பயாஸின் எல்லை. வன்தட்டின் முதல் 1024 உருளைகளுக்கு அப்பால் இருப்பதை அதனால் படிக்க முடியாது. கெர்னல் அதற்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டால் தொடங்காது. தீர்வு, வன்தட்டின் தொடக்கத்திலேயே கெர்னலுக்கென்று ஒரு சிறு பகிர்வு ஒதுக்குவது. பிறகு மீட்பு ஃப்ளாப்பி போட்டு உள்ளே போய், லிலோவை ஒருமுறை திரும்ப ஓட்டுவது. தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை. தெரியாதவருக்கு விண்டோஸும் போச்சு, லினக்ஸும் போச்சு.

இதைவிடப் பயமான இடம் வரைகலைத் திரை. கணித்திரையின் கிடைமட்ட, செங்குத்து அதிர்வெண்களை நாமே கோப்பில் எழுத வேண்டும். பழைய குழாய்த் திரைகளில் தப்பான எண்ணைக் கொடுத்தால் திரையே பழுதாகலாம் என்று ஆவணங்களிலேயே எச்சரிக்கை இருந்தது. கணித்திரையோடு வந்த கையேட்டை யார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்?

இப்படிப்பட்ட கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒரே பதிலை நூறு முறை எழுதச் சலித்தவர்கள் அதை ஆவணமாக்கினார்கள். லார்ஸ் விர்சேனியஸ், மாட் வெல்ஷ் போன்றவர்கள் 1992–93 வாக்கில் தொடங்கிய லினக்ஸ் ஆவணத் திட்டம் இப்படி வளர்ந்ததுதான். 'ஹவ்-டூ' என்று முடியும் நூற்றுக்கணக்கான கையேடுகள் அதில் சேர்ந்தன. மோடத்துக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று, ஒலி அட்டைக்கு ஒன்று. அந்தக் கையேடுகளின் பல பத்திகளுக்குப் பின்னால், எங்கோ ஓர் அறையில் கறுப்புத் திரைக்கு முன் உட்கார்ந்து கேள்வி கேட்ட ஆள் இருக்கிறார். பெயர்தான் இல்லை.

விருது வாங்க ஆள் இல்லை

1997ஆம் ஆண்டுக்கான சிறந்த தொழில்நுட்ப உதவி விருதை அமெரிக்காவின் 'இன்ஃபோவேர்ல்டு' இதழ் ஒரு நிறுவனத்துக்கும் கொடுக்கவில்லை. 'லினக்ஸ் பயனர் சமூகம்' என்று எழுதிக் கொடுத்தது. காசு வாங்கி உதவும் பெரிய நிறுவனங்களை எல்லாம் விட, காசு வாங்காத கூட்டம் நன்றாக உதவுகிறது என்று தொழில்முறை இதழ் ஒன்றே ஒப்புக்கொண்டது. சமூகத்துக்கு அலுவலகம் கிடையாது, தலைவர் கிடையாது. விருதை யார் கையில் கொடுப்பது?

சரி, ஏன் உதவுகிறார்கள்? "நல்ல மனசு" என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். கரீம் லக்கானி, எரிக் வான் ஹிப்பல் இருவரும் அப்பாச்சி வலைச் சேவையக மென்பொருளுக்கான உதவிக் குழுவைக் கவனித்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது இதுதான்: பதில் சொல்பவர்கள் அந்தக் குழுவில் செலவழிக்கும் நேரத்தில் பெரும்பகுதி, சுமார் 98 சதவீதம், மற்றவர்களின் கேள்வி பதில்களைப் படிப்பதிலேயே போகிறது. அது அவர்களுக்கே பயன்படும் படிப்பு. தெரிந்த கேள்வி கண்ணில் பட்டால் சில நிமிடங்களில் பதிலை எழுதிவிட்டுப் போகிறார்கள்.

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். புதியவர் கேட்கும் கேள்விதான் பழையவருக்குப் பாடநூல். தன்னிடம் இல்லாத வன்பொருள், தான் காணாத பிழை, எல்லாம் கேள்வி வடிவத்தில் வந்து நிற்கிறது. கேட்பவர் வாங்கிக்கொண்டு மட்டும் போவதில்லை, கொடுத்துவிட்டும் போகிறார். நம்ம பக்கம் கேள்வி கேட்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள் அதிகம். வகுப்பில் கை தூக்க மாட்டோம். அவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

கோட்டாற்றிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15, வி.எஸ்.என்.எல். வழியாக. அதுவும் தொலைபேசிக் கம்பியில், மோடத்தின் கீச்சொலியோடு. இந்த வேகத்தில் ஒரு லினக்ஸ் வழங்கலைத் தரவிறக்குவது நடக்காத காரியம். அதனால் 1990களின் பிற்பாதியில் பலருக்கு லினக்ஸ் வந்தது இதழோடு ஒட்டி வந்த குறுந்தகட்டில். 'பி.சி. குவெஸ்ட்' இதழ் அதில் முன்னோடி. அதன் லினக்ஸ் முயற்சிக்குப் பின்னால் இருந்தவர் பெங்களூரைச் சேர்ந்த அதுல் சிட்னிஸ் (2013இல் காலமானார்). 2003இல் 'லினக்ஸ் ஃபார் யூ' என்று தனி இதழே வந்தது.

குறுந்தகடு கைக்கு வந்துவிட்டது. ஏற்றுவது? 1998 ஜனவரியில் சென்னையில் இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் கிளை தொடங்கியது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கூடுவார்கள், பல ஆண்டுகள் ஐ.ஐ.டி. வளாகத்தில். இத்தகைய குழுக்கள் நிறுவல் விழா என்றும் நடத்துவதுண்டு. கணினிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றிக் கொடுப்பார்கள். மேசைக் கணினிக் காலத்தில் பெட்டியோடு பேருந்து ஏறுவதை நினைத்துப் பாருங்கள்.

சென்னைக்காரர்களுக்கு அது ஒரு மாலை. கோட்டாற்றுக்காரர்களுக்கு? சுமார் 700 கிலோமீட்டர். நாகர்கோவில் சந்திப்பு ரயில் நிலையம் எங்கள் கோட்டாற்றில்தான் இருக்கிறது, ஏறினால் மறுநாள் காலை சென்னை. ஒரு லிலோ பிழைக்காக யாரும் அப்படிப் போகப்போவதில்லை. எங்களுக்குப் பக்கம் திருவனந்தபுரம்தான், ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள். 1956 நவம்பர் 1 வரை கோட்டாறே திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்த ஊர். அந்தத் திருவனந்தபுரத்தில்தான் 2001 ஜூலையில், ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருக்க, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. பிறகு கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் பாடமாகவே ஆனது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிப் பிள்ளைக்கு வகுப்பிலேயே கிடைத்த உதவி, இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு இணையத்தில் தேடிப் பிடிக்க வேண்டியதாக இருந்தது.

ஆக, தூரத்து ஊர்க்காரர்களுக்கு மடற்குழுதான் கதி. சென்னைக் குழுவுக்கு ஒரு மடற்குழு இருந்தது. ஓர் ஊரின் பெயரில் இருந்தாலும் எந்த ஊரிலிருந்தும் எழுதலாம். சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போக முடியாதவர்களுக்கு அதுவே கூட்டம்.

மோடம் வேலை செய்யவில்லை என்று மோடம் வழியாகச் சொல்வது எப்படி?

இங்கேதான் ஒரு சிக்கல். 2000 வாக்கில் விற்ற மலிவுக் கணினிகள் பலவற்றில் உள்ளே பொருத்தி வந்தது 'வின்மோடம்'. சாதாரண மோடம் தொலைபேசிச் சமிக்ஞையை மாற்றும் வேலையைத் தன் சில்லிலேயே செய்துகொள்ளும். வின்மோடத்தில் அந்தச் சில்லு கிடையாது. வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிடும், அதற்கான மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும் இருக்கும். மோடம் எப்படி இயங்குகிறது என்ற விவரத்தைப் பல தயாரிப்பாளர்கள் வெளியிடவும் இல்லை. லினக்ஸ் ஏற்றினீர்கள் என்றால் மோடம் செத்தது போல இருக்கும்.

மோடம் இல்லையென்றால் இணையம் இல்லை. இணையம் இல்லையென்றால் மோடத்துக்கு வழி கேட்க முடியாது. கிணற்றுக்குள் விழுந்தவன் கயிற்றைக் கரையில் வைத்த கதை.

அப்போது கைகொடுத்தது ப்ரௌசிங் சென்டர். வீட்டில் பிழைச் செய்தியை நோட்டில் எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொள்ள வேண்டும். மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்து கேள்வியை அனுப்ப வேண்டும். மறுநாள் போய்ப் பதிலைப் படித்து, வேண்டிய கோப்பை ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து முயல வேண்டும். "உங்கள் மோடத்தின் சில்லு எது?" என்று எதிர்க்கேள்வி வந்திருந்தால் அன்றைய பயணம் வீண். திரும்பப் போய், கணினியில் பார்த்து, எழுதிக்கொண்டு, மறுபடி சென்டர்.

ஒரு சுற்றுக்கு ஒரு நாள். இந்த வேகத்தில் பழகியவர்கள் கேள்வியை முழுதாக எழுதக் கற்றுக்கொண்டார்கள். எந்த வழங்கல், எந்தப் பதிப்பு, கணினியில் என்னென்ன இருக்கிறது, எந்த இடத்தில் நின்றது, திரையில் வந்த எழுத்துகள் அப்படியே என்ன, இதுவரை என்னென்ன செய்து பார்த்தேன். இன்று கைப்பேசியில் "வைஃபை வரல, ஹெல்ப்" என்று மூன்று சொல் அனுப்புகிறோம். பதில் சொல்பவர் பத்துக் கேள்வி கேட்டுத்தான் விஷயத்தைப் பிடிக்க வேண்டும்.

வின்மோடத்துக்குத் தன்னார்வலர்கள் ஓரளவு வழி கண்டார்கள். சில சில்லுகளுக்கு இயக்கி கிடைத்தது. மற்றவர்களுக்கு "வெளியே வைக்கும் சீரியல் மோடம் வாங்குங்கள்" என்பதே பதில். ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் 2000இல் வெளியிட்ட நாப்பிக்ஸ் வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. வன்தட்டைத் தொடாமல் குறுந்தகட்டிலிருந்தே ஓடும் லினக்ஸ் அது. ஏற்றும் முன்பே எது வேலை செய்யும், எது செய்யாது என்று பார்த்துவிடலாம். ஏற்றிய பின் கெட்டுப்போனாலும் அந்தக் குறுந்தகட்டால் உள்ளே போகலாம்.

திட்டியவர்களும் திட்டாதவர்களும்

எல்லாம் இனிப்பாக இருந்தது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. புதியவர்கள் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். "கையேட்டைப் படி" என்பதை நடுவில் ஒரு கெட்ட வார்த்தை சேர்த்து நான்கெழுத்துச் சுருக்கமாகவே வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் அதில் நியாயம் உண்டு. பதில் சொல்பவர் தன் தூக்கத்தை விட்டு எழுதுகிறார், கேட்பவர் கையேட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எரிக் ரேமண்ட் 2001இல் எழுதிய, புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது எப்படி என்ற நீண்ட கட்டுரை இந்தப் பக்கத்தின் வாதம். அதில் சொன்ன முறைகள் இன்றும் உதவும். தொனி கொஞ்சம் காரம்.

மறுபக்கம், திட்டு வாங்கியவர் திரும்ப வருவதில்லை. பெண்களுக்கு இது இன்னும் கடினமாக இருந்தது. 1990களின் இறுதியில் டெப் ரிச்சர்ட்சன் 'லினக்ஸ்சிக்ஸ்' என்ற குழுவைத் தொடங்கி இரண்டே விதி வைத்தார்: மரியாதையாக இரு, உதவியாக இரு.

2004 அக்டோபரில் உபுண்டுவின் முதல் பதிப்பு வந்தபோது இந்தப் பாடம் அதில் சேர்ந்திருந்தது. மென்பொருளோடு நடத்தை விதியும் வந்தது. மற்றவரை மதித்துப் பேசு, தெரியாததைக் கேள் என்று எழுதியே வைத்தார்கள். புதியவர்களுக்கான பெரிய உரையாடல் களமும் அதே மாதத்தில் தொடங்கியது. போதாததற்கு, முகவரி கொடுத்தால் குறுந்தகட்டை இலவசமாக அஞ்சலில் அனுப்பினார்கள். 2011 வரை இது நடந்தது. மெதுவான இணையம் உள்ள ஊர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! வெளிநாட்டு முத்திரையோடு உறை வருவதற்காகவே விண்ணப்பித்தவர்களும் உண்டு, அது வேறு கதை :-)

தமிழில் கேட்கலாமா?

நம் ஊரில் இன்னொரு தடை மொழி. லினக்ஸ் தெரியாதது ஒரு பங்கு பயம் என்றால், ஆங்கிலத்தில் எழுதத் தயங்குவது இரண்டு பங்கு. கேள்வியின் இலக்கணத்தைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்று பலர் கேட்காமலே விண்டோஸுக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

தமிழில் கேட்க முதலில் தமிழ் தெரிய வேண்டும், கணினிக்கு! 1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியாக்கத்தில் இருந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று அரசுத் தரம் வந்தது, இன்னொரு பக்கம் டிஸ்கி இருந்தது. யூனிகோடு பரவிய பின்தான் ஒருவர் எழுதியது இன்னொருவர் திரையில் பிசகாமல் தெரிந்தது. கே.டி.இ., க்னோம் போன்ற பணிமேடைகளைத் தமிழாக்கியவர்கள், 'ழ' கணினித் திட்டத்தில் உழைத்தவர்கள், உபுண்டு தமிழ்க் குழுவினர் எனப் பலர் சம்பளம் இல்லாமல் இந்த வேலையைச் செய்தார்கள். கோப்பு, அடைவு, நிறுவல், இயங்குதளம் என்று நாம் சாதாரணமாகப் புழங்கும் சொற்கள் பரவியதில் அவர்களுக்குப் பங்கு உண்டு.

ஒரு வேடிக்கையான விளைவு. பணிமேடை தமிழில் இருந்தால் பிழைச் செய்தியும் தமிழில் வரும். அந்தத் தமிழ் வரியைத் தேடினால் இணையத்தில் ஒன்றும் கிடைக்காது, உலகம் முழுக்க அதே பிழையை ஆங்கிலத்தில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் தமிழில் உதவுகிறவர்கள் சொல்லும் அறிவுரை: கேள்வியைத் தமிழில் எழுதுங்கள், பிழைச் செய்தியை மட்டும் ஆங்கிலத்தில் வரவைத்து அப்படியே ஒட்டுங்கள்.

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லினக்ஸ் என்ற பெயரையே கேட்டிராத பல்லாயிரம் மாணவர் வீடுகளுக்குள் ஒரே நாளில் லினக்ஸ் போனது. கூடவே உதவி போகவில்லை. பலர் அந்தப் பகிர்வை அழித்துப் படம் வைக்க இடம் ஆக்கிக்கொண்டார்கள். மென்பொருளைக் கொடுத்தால் போதாது, கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு நம் மாநிலத்தில் இல்லை.

அடுத்த ஆண்டே, 2012 ஜனவரியில், த. சீனிவாசனும் நண்பர்களும் 'கணியம்' மின்னிதழைத் தொடங்கினார்கள். கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில், யாரும் பகிரும் உரிமத்தில். காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற ஊர்களிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் உண்டு. சென்னைக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை மாறியது.

இப்போது என்ன ஆபத்து?

எங்கள் கோட்டாற்றுக் கடைத்தெருவில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். ஒருவரிடம் கேட்டால் மூன்று பேர் சொல்வார்கள். நான்காவதாக ஓர் அண்ணாச்சி வந்து, "அந்தால போவாதீங்க, ரோடு தோண்டிப் போட்டிருக்கு" என்று திருத்துவார். பொது இடத்தில் கேட்பதன் பலன் அதுதான். தப்பான வழி சொன்னால் திருத்த ஆள் இருக்கும். இணையப் பொது இடங்களும் அப்படியே. யாராவது விஷமமாக, வன்தட்டை அழிக்கும் கட்டளையைப் புதியவருக்குக் கொடுத்தால், சில நிமிடங்களில் இன்னொருவர் "ஐயோ, அதை ஓட்டாதே" என்று கீழே எழுதுவார்.

அந்தப் பொது இடங்கள் சுருங்கி வருகின்றன. லினக்ஸ் அரட்டைக்குப் பெயர்போன ஃப்ரீநோடு 2021 மே மாதம் நிர்வாகத் தகராறில் உடைந்து, உபுண்டு உட்படப் பல குழுக்கள் லிபேரா சாட் என்ற புது இடத்துக்குக் குடிபெயர்ந்தன. யூஸ்நெட்டின் பழைய மடல்களை 2001இல் வாங்கிப் பாதுகாத்த கூகுள், 2024 பிப்ரவரியோடு புதிய மடல்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. உதவி கேட்பது டெலிகிராம், வாட்ஸப், டிஸ்கார்டு குழுக்களுக்குள் போய்விட்டது. அங்கே பதில் சீக்கிரம் வரும். ஆனால் தேடுபொறிக்கு எட்டாது. அடுத்த மாதம் அதே பிழையோடு வருபவருக்கு அது இல்லாத பதில்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு இன்னொரு மாற்றம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் புதுக் கேள்விகள் பெருமளவு குறைந்தன. காரணம் புரிகிறது. நள்ளிரவு இரண்டு மணிக்குக் கேட்டாலும் செயற்கை நுண்ணறிவு பதில் சொல்கிறது, தமிழில் கேட்டாலும் சொல்கிறது, ஒருபோதும் திட்டுவதில்லை. கூச்சப்படும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது அந்தப் பதில்களைக் கற்றது எங்கிருந்து? முப்பது ஆண்டுகளாக முகம் தெரியாதவர்கள் பொதுவில் கேட்டு, பொதுவில் சொன்னவற்றிலிருந்தும்தானே? எல்லோரும் தனியறையில் கேட்டுக்கொண்டால் அடுத்த ஆண்டு வரும் வன்பொருளுக்கான பதிலை யார் எங்கே எழுதி வைப்பார்கள்?

ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் வகுப்பில் ஒரு தோழியின் மடிக்கணினியில் உபுண்டு ஏற்ற முயன்றபோது நிறுவிக்கு வன்தட்டே தெரியவில்லை. விண்டோஸில் தெரிகிறது, உபுண்டுவில் வெறுமை. பயாஸில் சேமிப்பகம் 'ரெய்டு' வகை முறையில் இருந்ததுதான் காரணம். அதை 'ஏ.எச்.சி.ஐ.' என்று மாற்ற வேண்டும், ஆனால் நேரே மாற்றினால் விண்டோஸ் தொடங்காமல் போகலாம், அதனால் முதலில் விண்டோஸைப் பாதுகாப்பு முறையில் தொடங்கும்படி செய்துவிட்டு அப்புறம் மாற்ற வேண்டும். இந்த வரிசையை, எந்த நாட்டிலோ இருக்கும் ஒருவர், தன் பிரச்சினை தீர்ந்த பின் திரும்பி வந்து படிப்படியாக எழுதி வைத்திருந்தார். அந்தப் படிகளைப் பார்த்துத்தான் ஏற்றினோம். அவர் "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தால் எங்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

அப்படிப் போனவர்கள்தான் அதிகம். தன் பிழையையே சொல்லும் பழைய கேள்வி கிடைத்து, அதற்குக் கீழே பதிலே இல்லாமல் இருப்பதைப் பற்றி எக்ஸ்கேசிடி என்ற இணையச் சித்திரத் தொடரில் 2011இல் ஒரு சித்திரமே வந்தது. தேடிப் பார்த்துச் சிரியுங்கள்.

ஆகவே நண்பர்களே, லினக்ஸ் ஏற்றும்போது எங்காவது மாட்டிக்கொண்டால் தாராளமாக எந்திரத்திடமே கேளுங்கள், வாட்ஸப்பிலும் கேளுங்கள். தீர்ந்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி, உங்கள் கணினியின் மாதிரி, வழங்கலின் பதிப்பு, ஆங்கிலத்தில் வந்த பிழைச் செய்தி, தீர்த்த படிகள், இந்த நான்கையும் தேடுபொறிக்குத் தெரியும் ஒரு பொது இடத்தில் எழுதி வையுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். அடுத்த ஆண்டு நம் கல்லூரிக்கு வரும் ஜூனியர் யாராவது அதே மடிக்கணினியோடு தேடிக்கொண்டு வருவார்.

அடுத்து, பழங்காலக் கிரேக்கர் தாலமி குறிப்பிட்ட 'கொட்டியாரா' எங்கள் கோட்டாறுதான் என்று சொல்வதற்கு என்ன ஆதாரம் என்று எழுதலாமென்று இருக்கிறேன். தேர்வு முடியட்டும்.